தொன்மையான வெள்ளி விளையாட்டுப் பதக்கச் சேகரிப்பு

தொன்மையான வெள்ளி விளையாட்டுப் பதக்கச் சேகரிப்பு என்பது கால்பந்து, படகோட்டம், துப்பாக்கி சுடுதல் முதலான போட்டிகளில் வென்றோருக்கு வழங்கப்பட்ட பழைய வெள்ளிப் பதக்கங்களைத் தேடிப் பெற்றுப் பாதுகாப்பதாகும். பின்னாளில் விலை உயரும் என்ற நோக்கில் இவற்றை முதலீடாக வைத்திருப்போரும் உளர். இது நாணயவியலோடு நெருங்கிய தொடர்புடையது.

வரலாறு

1896 ஏதென்சு ஒலிம்பிக் போட்டிகளில் முதலிடம் பெற்றவர்களுக்கு வெள்ளிப் பதக்கமே வழங்கப்பட்டது. 1900 பாரிசுப் போட்டிகளில் செவ்வக வடிவப் பதக்கங்கள் வழங்கப்பட்டன. கல்கத்தாவில் பிறந்த நார்மன் பிரிட்சர்ட் அப்போட்டிகளில் இரண்டு இரண்டாமிடங்களைப் பெற்றார். முழுவதும் தங்கத்தாலான ஒலிம்பிக் பதக்கங்கள் கடைசியாக 1912இல் வழங்கப்பட்டன. பிந்தைய தங்கப் பதக்கங்கள் பொன்முலாம் பூசிய வெள்ளியால் ஆனவை. ஜெசி ஓவன்சு 1936இல் வென்ற அத்தகைய பதக்கமொன்று 2013இல் ஏறத்தாழ 14.7 இலட்சம் அமெரிக்க டாலருக்கு ஏலம் போனது. அதிலுள்ள உலோகத்தின் விலை இதில் மிகச் சிறு பகுதியே.

அடையாளக் குறிகள்

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்கள் 1954 வரை பிரெஞ்சிந்தியாவைச் சேர்ந்திருந்தன. அவற்றை அடுத்திருந்த தென்னார்க்காடு மாவட்டம் 1947 வரை பிரித்தானிய ஆட்சியில் இருந்தது. ஆகையால் இப்பகுதியில் சேகரிப்போர் இரு நாட்டுக் குறிகளையும் அறிந்திருத்தல் நலம்.

* பாரிசு நாணயச்சாலை: 1880 முதல் பதக்கத்தின் விளிம்பில் வளக்கொம்புக் குறியும், வெள்ளியாயின் அதனைக் குறிக்கும் 'ஆர்ழான்' என்ற பிரெஞ்சுச் சொல்லும் பொறிக்கப்பட்டன.
* பிரெஞ்சு வெள்ளிப் பொருட்கள்: 1838 முதல் மினர்வா தேவியின் தலை முத்திரை இடப்பட்டது. முதல் தரம் 95%, இரண்டாம் தரம் 80% தூய்மை உடையது.
* இங்கிலாந்து: நடக்கும் சிங்கம் 92.5% தூய்மையைக் காட்டும். நங்கூரம் பர்மிங்காம் நகரின் குறி. உடன் உள்ள எழுத்து ஆண்டைக் குறிக்கும்.

'செருமன் வெள்ளி' எனப்படுவது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. அதில் வெள்ளி இல்லை. புதுச்சேரியைச் சேர்ந்த பலர் பிரெஞ்சுப் படையில் பணியாற்றியதால், பழைய வீடுகளில் கிடைக்கும் பிரெஞ்சுப் பதக்கம் படைப் பதக்கமாகவும் இருக்கக்கூடும்.

மதிப்பு

வென்றவர் பெயர், போட்டி, ஆண்டு ஆகியவை பொறிக்கப்பட்ட பதக்கத்துக்கு மதிப்பு மிகுதி. சான்றிதழ், நிழற்படம், செய்தித்தாள் நறுக்கு முதலியன உடனிருப்பின் மேலும் உயரும். அடகுக் கடையிலோ நகைக்கடையிலோ பழைய வெள்ளியாகக் கொடுத்தால் எடைக்குரிய விலையே கிடைக்கும். பதக்கம் உருக்கப்பட்டால் அதிலுள்ள பதிவும் அழியும்.

இதற்கு பாகூர்ச் செப்பேடுகளை ஒப்பிடலாம். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அவை 1879இல் கிடைத்தன. பாகூரில் இருந்த கல்வி நிலையத்துக்கு 3 ஊர்கள் கொடையளிக்கப்பட்டதை அவை கூறுகின்றன. அவற்றின் சிறப்பு செம்பில் அன்று, எழுத்திலேயே உள்ளது.

பராமரிப்பு

புளி, திருநீறு கொண்டு தேய்த்தால் எழுத்து மழுங்கும். கருமை படிந்த இயல்பான மேற்பரப்பையே சேகரிப்போர் விரும்புவர். கடலோர ஈரக்காற்று படாதவாறு உலர்ந்த பெட்டியில் வைத்தல் வேண்டும். பி.வி.சி. உறைகள் உலோகத்தைக் கெடுக்கும்.

சட்டமும் இடர்களும்

தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம் 1972இல் இயற்றப்பட்டு 1976 ஏப்ரல் 5 முதல் நடைமுறையில் உள்ளது. 100 ஆண்டுகளுக்குக் குறையாத வரலாற்றுச் சிறப்புடைய பொருள் இதன்படி தொல்பொருளாகும். தனியார் அதனை ஏற்றுமதி செய்ய இயலாது. அதை வாங்கி விற்கும் தொழிலுக்கு உரிமம் தேவை. எனவே அத்தகைய பதக்கத்தை இந்தியாவில் வைத்திருப்பவர் வெளிநாட்டு ஏல விலையை எதிர்பார்க்க முடியாது.

வெள்ளிக்கு அன்றாடச் சந்தை விலை உண்டு. பதக்கத்துக்கு அத்தகைய பொது விலை இல்லை. தகுந்த வாங்குநர் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டும். வார்ப்பில் செய்த போலிகளும், பின்னாளில் பெயர் பொறிக்கப்பட்ட பதக்கங்களும் விற்கப்படுவதுண்டு. ஆதலால் எடை, விளிம்புக் குறி, எழுத்தின் தேய்மானம், முன்னைய உரிமையாளர் பற்றிய சான்று ஆகிய நான்கையும் ஒப்புநோக்கிய பின்னரே வாங்குதல் வேண்டும்.