தனிமையும் ஐக்கியமும்

விசுவாசி ஒருவர் தம் தனிமையைப் போதகரிடம் எடுத்துரைக்கும்போது, நமது நாவில் முதலில் எழும் பதில் “ஆண்டவர் உம்மோடிருக்கிறார்” என்பதே. இப்பதில் பொய்யன்று. ஆயினும் திருச்சபை அளிக்க வேண்டிய முழுப் பதில் இதுதானா என்பதை வேத வெளிச்சத்திலும், நமது தென்பாண்டித் திருச்சபை வரலாற்றின் வெளிச்சத்திலும் ஆராய வேண்டியவர்களாயிருக்கிறோம்.

மனிதன் தனிமையாயிருப்பது நல்லதல்ல என்னும் தேவனுடைய தீர்ப்பு ஆதியாகமம் 2ஆம் அதிகாரத்தில் வருகிறது. பாவம் உலகில் பிரவேசிப்பதோ 3ஆம் அதிகாரத்தில். இந்த வரிசையை நாம் போதிய அளவு கவனித்ததில்லை. தேவனோடு குறைவற்ற உறவு கொண்டிருந்த மனிதனைக் குறித்தே இத்தீர்ப்பு கூறப்பட்டது. எனவே தனிமையுணர்வு விசுவாசக் குறைவினால் மட்டுமே தோன்றுவது என்று போதிப்பதற்கு இடமில்லை. இப்பகுதியைத் திருமண ஆராதனைக்கு மட்டும் ஒதுக்கிவிட்டதும் நாம் செய்த குறுக்கமே. விதவைகளும் மணமாகாதவர்களும் அதைக் கேட்டுக்கொண்டு பின் வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள்.

தனித்திருத்தல் வேறு, தனிமை வேறு. நம் ஆண்டவர் அதிகாலையில் வனாந்தரமான இடத்திற்குப் போய் ஜெபித்தார் (மாற்கு 1:35). அவரே பன்னிருவரைத் தெரிந்துகொண்டபோது, பிரசங்கிக்க அனுப்புவதற்கு முன்பாகத் தம்மோடிருக்கும்படி அவர்களை ஏற்படுத்தினார் (மாற்கு 3:14). கெத்செமனேயில் விழித்திருக்கும்படி மூவரைக் கேட்டுக்கொண்டார். பிதாவோடு ஒன்றாயிருந்தவருக்கே சிநேகிதரின் அருகாமை வேண்டியிருந்ததெனில், நமது சபையின் முதியவருக்கு அது வேண்டாமென்று நாம் எப்படிச் சொல்வோம்?

எபிரெய மொழியில் ‘யாகீத்’ என்னும் சொல் ஒன்றுண்டு. தனித்தவன் என்பது பொருள். 25ஆம் சங்கீதத்தில் சங்கீதக்காரன் தன்னைத்தானே இச்சொல்லால் குறிப்பிட்டு முறையிடுகிறான் (வச. 16). 68ஆம் சங்கீதத்தில் இதே சொல்லின் பன்மை வருகிறது (வச. 6). அங்கே தேவன் தனித்தவர்களுக்கு அளிப்பது ஓர் ஆறுதல் வார்த்தையை அன்று, ஒரு வீட்டை.

பவுலின் சாட்சி இன்னும் தெளிவானது. 2 தீமோத்தேயு 4ஆம் அதிகாரத்தில், தமது முதல் விசாரணையில் எல்லாரும் தம்மைக் கைவிட்டார்கள் என்றும், கர்த்தரோ தமக்குத் துணையாக நின்றார் என்றும் எழுதுகிறார். அத்துடன் அவர் நிறுத்தவில்லை. துரோவாவில் விட்டுவந்த மேலங்கியையும் புஸ்தகங்களையும் கொண்டுவரச் சொல்லுகிறார். மாற்குவை அழைத்து வரச் சொல்லுகிறார். மாரிகாலத்திற்கு முன்னே வந்து சேரும்படி தீமோத்தேயுவை வருந்திக் கேட்கிறார். கர்த்தர் துணைநின்றதும் தீமோத்தேயு வரவேண்டியதும் ஒரே நிருபத்தில், ஒரே பக்கத்தில் நிற்கின்றன. ஒன்றைக் கொண்டு மற்றொன்றைத் தள்ளுவதற்கு அப்போஸ்தலன் நமக்கு இடங்கொடுக்கவில்லை.

இவ்வுண்மையை நமது முன்னோர் நூல்களிலிருந்து கற்கவில்லை, தள்ளப்பட்டுக் கற்றார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சாத்தான்குளம் பகுதியில் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டவர்கள் தம் சொந்த ஊர்களிலேயே அந்நியராக்கப்பட்டுத் துன்புறுத்தப்பட்டனர். உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் அவர்களுக்குச் செய்தது யாது? ‘பொறுத்திருங்கள்’ என்னும் உபதேசத்தோடு அவர் திருப்தியடையவில்லை. 1799இல் நிலம் வாங்கிக் குடியேற்றம் ஒன்று அமைக்கத் தலைமை தாங்கினார். அதுவே முதலூர். பின்னர் 1830இல் இரேனியஸ் ஐயரின் காலத்தில், இத்தகையோருக்கு மனையும் நிலமும் தேடிக்கொடுக்கவே தர்ம சங்கம் தொடங்கப்பட்டது. 68ஆம் சங்கீதத்தை அவர்கள் பத்திரப் பதிவாகவே நிறைவேற்றினார்கள் எனலாம்.

இக்குடியேற்றங்களில் குறையே இல்லையென்று நாம் சொல்லவில்லை. ஒரே சமுதாயத்தாரே பெரும்பாலும் கூடி வாழ்ந்தபடியால், ஐக்கியம் என்பதும் உறவுமுறை என்பதும் ஒன்றாகிப்போயின. உறவுமுறைக்கு வெளியே நின்றவர் சபைக்குள்ளேயே தனித்தவரானார். இன்றும் வேறு சாதியிலிருந்து வந்து சேர்ந்த குடும்பம் எத்தனை வீடுகளில் உண்டு பழகுகிறது என்று ஒவ்வொரு சேகரமும் எண்ணிப் பார்க்கலாம்.

மெஞ்ஞானபுரத்தை அடுத்த வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வே. ச. அசரியா, 1910இல் எடின்பரோ மாநாட்டில் பேசியபோது தொட்டதும் இதே புண்ணைத்தான். மிஷனெரிமார் தேசத்தாருக்காகப் பொருளையும் உயிரையும் கொடுத்ததை நன்றியோடு ஒப்புக்கொண்டபின், தங்களுக்குச் சிநேகிதர் வேண்டும் என்று அவர் கேட்டார். கொடுப்பவனாகவும் பெறுபவனாகவும் இருவர் நெடுநாள் பழகியும் நண்பராகாமலிருக்கக்கூடும். நமது போதகசாலைகளில் தர்மம் உண்டு, உதவிப்பணம் உண்டு. சிநேகிதம் எவ்வளவு உண்டு?

இன்று ஏரல் வட்டாரத்தை நோக்குவோம். தாமிரபரணிக் கரையின் இக்கடைத்தெருவிலும், சாயர்புரம், பண்ணைவிளை, நாசரேத் முதலிய சுற்றுச் சபைகளிலும், பிள்ளைகளைச் சென்னைக்கும் மும்பைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் அனுப்பிவிட்ட பெற்றோர் மிகுதி. முன்னோரை ஊர் தள்ளியது. இவர்களை ஊரே விட்டுப்போனது. வீடு உண்டு, பணவரவு உண்டு. மாலையில் பேச ஆளில்லை. உலக சுகாதார நிறுவனம் 2023 நவம்பரில் இதற்கென ஓர் ஆணையத்தை ஏற்படுத்தியது. ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வருந்துகிறார் என்று அவ்வாணையம் 2025இல் அறிவித்தது. மேல்நாட்டு வியாதி என்று இதை ஒதுக்குவதற்கில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் பெருவெள்ளம் இதைக் கண்கூடாக்கிற்று. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது, ஏரல் வெளித்தொடர்பற்றுப்போயிற்று. தொலைபேசி ஓய்ந்தபோது, வெளிநாட்டிலிருந்த மகனைவிடப் பக்கத்து வீட்டாரே மெய்யான உறவாயினர். ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் திருச்செந்தூர் விரைவு வண்டி நின்றுபோய், நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டபோது, புதுக்குடி ஊரார் தம் கையிருப்பைக் கொண்டு சமைத்து அவர்களைப் போஷித்தார்கள். அது நமது சபையாரின் ஏற்பாடு அன்று என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அப்படியாயின் போதகர் செய்யத்தக்கது என்ன? எலியாவின் வரலாற்றில் தேவன் கையாண்ட முறை நமக்கு மாதிரியாகும் (1 இராஜாக்கள் 19). தான் ஒருவனே மீந்திருப்பதாக அவன் சொன்னபோது தேவன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. அதற்கு முன்பே உறக்கமும் அப்பமும் தண்ணீரும் கொடுத்தாயிற்று. மெல்லிய சத்தம் பின்னரே வந்தது. இறுதியில், ஏழாயிரம் பேர் உண்டென்ற செய்தியோடு எலிசா என்னும் ஒரு தோழனும் கொடுக்கப்பட்டான். உறக்கமும் உணவும் இழந்து வாழ்வையே வெறுப்பவரை நாம் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும் இம்முறைக்குள் அடங்கும். அது விசுவாசத்திற்கு இழுக்கன்று.

வீடு சந்திப்பைப் பலர் சந்தா வசூலிக்கும் வேலையாகவே அறிந்திருக்கிறார்கள். ரசீதுப் புத்தகமின்றிச் செல்லும் சந்திப்பு மாதத்தில் ஒன்றாவது இருக்கட்டும். ஜெபத்தோடு உடனே எழுந்துவிடாமல், முதியவர் தரும் காப்பியை அமர்ந்து குடித்து வருவதும் ஊழியமே. கொடுப்பதற்குத் தம்மிடம் ஏதோ உண்டு என்று அவர் அறிவது பாதி மருந்து. ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளுக்கு வேதக் கதை சொல்லவும், வெளியூர்ப் பிள்ளைகளின் பெயர்களை எழுதிவைத்து ஜெபிக்கவும் அவரைக் கேட்கலாம்.

நமது சபைகளுக்கு அசனப் பண்டிகை என்னும் அரிய சொத்து உண்டு. யாவரும் ஒரே சோற்றை ஒரே பந்தியில் உண்ணும் அந்நாளை, வெறும் சமையல் கணக்காக்கிவிடலாகாது. ஏறக்குறைய கி.பி. 155இல் யுஸ்தீன் எழுதிய விவரப்படி, ஆதிச்சபையில் திருவிருந்துக்கு வரக்கூடாதவர்களுக்கு உதவிக்காரர் அப்பத்தை வீட்டிற்கே எடுத்துச் சென்றார்கள். நடக்கமாட்டாதவர் வீட்டிற்கு அசனச் சோறு தூக்குவாளியில் போய்ச் சேருவது பல ஊர்களில் வழக்கமே. கொண்டுபோகிறவர் அதை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பாமல், இன்னொரு இலையையும் எடுத்துச் சென்று, அவரோடு அமர்ந்து உண்டு வரும்படி சேகர மன்றம் இவ்வாண்டே ஏற்பாடு செய்யலாம். அதற்கு வேண்டியவை ஓர் இலையும் அரைமணி நேரமுமே.