கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்!

ஆபீஸில் என் பக்கத்து சீட் நண்பர் லோனுக்கு விண்ணப்பம் போட்டார். வீடு கட்டவா, மச்சினிக்குக் கல்யாணமா என்று விசாரித்தேன். காதோடு சொன்னார்: "ஸ்பீக்கர் வாங்கப் போறேன் சார். ஜோடி ரெண்டு லட்சம்!"

"அப்படி என்ன சார் பாடும் அது?"

"வாங்கினப்புறம்தானே தெரியும்!"

சிரிக்காதீர்கள். ஃப்ளாட் விலைக்கே ஸ்பீக்கர் விற்கிறார்கள். வாங்கவும் ஆள் இருக்கிறது. இத்தனை பெட்டிகளும் இத்தனை விலைகளும் அநேகமாக ஒரே ஒரு தொல்லையைத் தீர்க்கக் கிளம்பியவைதான்.

ஸ்பீக்கருக்குள் இருக்கும் காகிதக் கூம்பு முன்னால் நகரும்போது எதிரே உள்ள காற்றை அழுத்துகிறது. அதே சமயம் பின்னால் உள்ள காற்றை இழுக்கிறது. ஆக, முன்னால் ஒரு பாட்டு. பின்னால் அதே பாட்டு தலைகீழாக. ரெண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு தபேலாவின் 'தொம்' காணாமல் போய்விடும். சரி, பெட்டியில் வை என்றால், பெட்டியும் கூடச் சேர்ந்து அதிர்ந்து பாட ஆரம்பிக்கும்!

இந்தப் பின்பாட்டை என்ன செய்வது? இங்கேதான் மேதைகள் ஆளுக்கொரு கட்சி.

"இறுக்கி மூடு" என்றார் அமெரிக்காவின் எட்கர் வில்ச்சர். அதுவரை நல்ல 'பாஸ்' வேண்டுமென்றால் பீரோ மாதிரிப் பெட்டி வேண்டும். இவர் காற்றுப் புகாத சின்னப் பெட்டி செய்து, உள்ளே மாட்டிக்கொண்ட காற்றையே கூம்புக்கு ஸ்பிரிங்காக்கிவிட்டார். 1954-ல் வந்த ஏ.ஆர்.-1 புத்தக அலமாரியில் உட்கார்ந்துகொண்டு பீரோக்களைத் தோற்கடித்தது. ஒரே குறை, ஆம்ப்ளிஃபயரின் சக்தியை நிறையக் குடிக்கும்.

பால் கிளிப்ஷுக்கோ அந்த விரயம்தான் ஆகாது. சாதாரண ஸ்பீக்கருக்குள் போகும் மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்குகூடச் சத்தமாக மாறினால் அதிகம், மீதியெல்லாம் சூடு. கூம்பு குறைவாக ஆடினால் பிசிறும் குறையும் என்று, அதன் முன்னால் குழாய் வைத்தார். ஆமாம், நம்ம திருவிழாக் குழாய் ஸ்பீக்கரின் பெரியப்பா! மரத்தால் செய்து மடக்கி மடக்கி வைத்த குழாய். அறையின் மூலையில் நிறுத்தினால் ரெண்டு சுவரும் குழாயின் வாயாகிவிடும். 1946-ல் அர்கன்ஸாஸ் மாநிலத்தின் ஹோப் என்ற சிற்றூரில் இதற்காகவே கம்பெனி ஆரம்பித்தார். (அதே வருஷம் அதே ஊரில் பிறந்த இன்னொரு பிரபலம், பில் கிளிண்டன்!) சில வாட் சக்தியிலேயே வீடு அதிரும். ஆனால் ரெண்டு காலி மூலைக்கு எங்கே போவது? ஒன்றில் பீரோ, ஒன்றில் மாமியார்.

"பெட்டியே வேண்டாமய்யா!" என்றார் இங்கிலாந்தின் பீட்டர் வாக்கர். 1957-ல் விற்பனைக்கு வந்த அவருடைய குவாட் எலக்ட்ரோஸ்டாடிக்கைப் பார்த்தால் ரூம் ஹீட்டர் என்றுதான் நினைப்பீர்கள். கூம்பு கிடையாது. துளை போட்ட தகடுகளுக்கு நடுவே மெல்லிய பிளாஸ்டிக் படலம். அதில் ஆயிரக்கணக்கான வோல்ட். மனிதக் குரலை அவ்வளவு இயல்பாகத் தந்ததால் இன்றும் அதைத் தேடிப் பிடித்து, பழுது பார்த்துக் கேட்கிறார்கள். ஆனால் டப்பாங்குத்து போட்டு வால்யூமைத் திருகினால் தாங்காது.

அமர் போஸ் நேர் எதிர்க்கட்சி. பிரிட்டிஷாரிடமிருந்து தப்பி அமெரிக்கா போன வங்காளப் போராட்டக்காரரின் மகன். எம்.ஐ.டி.யில் படித்தபோது ஆசையாக வாங்கிய ஸ்டீரியோ அவரை ஏமாற்றியது. கச்சேரி அரங்கில் நம் காதுக்கு வருவதில் பெரும்பங்கு சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம்தானே என்று யோசித்தார். 1968-ல் வந்த அவருடைய 901-ல் ஒன்பது ஸ்பீக்கர்கள். நம்மைப் பார்த்து ஒன்று, சுவரைப் பார்த்து எட்டு! சுவர் சரியில்லை என்றால் பாட்டும் சரியில்லை.

பிரிட்டனின் பி அண்ட் டபிள்யூ 1993-ல் காட்டிய நாட்டிலஸ், பெரிய நத்தை. பின்பாட்டை நீளமான சுருள் குழாய்க்குள் அனுப்பி, போகிற வழியிலேயே தேய்ந்து மறைய வைத்துவிடுகிறார்கள்.

இதில் யார் சரி? 1994-ல் ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 40 பேர், நாலு ஸ்பீக்கர். கண்ணால் பார்த்துக்கொண்டே கேட்டபோது பெரிய, விலை உயர்ந்த பெட்டிக்கு மார்க் ஏறியது, சின்னதுக்கு இறங்கியது. திரை போட்டு மறைத்ததும் அந்த வித்தியாசம் சுருங்கிப் போனது. கேட்டவர்கள் ஏமாளிகள் இல்லை, ஆடியோ கம்பெனி ஊழியர்கள்!

நண்பரிடம் இதைச் சொன்னேன். "கடைக்காரர் போடற சி.டி. வேண்டாம். உங்களுக்கு மனப்பாடமான பாட்டை எடுத்துட்டுப் போங்க. எல்லாத்தையும் ஒரே சத்தத்துல வைக்கச் சொல்லுங்க. சத்தம் கூடினது நல்லதாத் தோணும், அதுல ஏமாந்துடாதீங்க. கண்ணை மூடிக்குங்க. மாத்திப் போடற வேலையை வீட்டம்மா பார்க்கட்டும்."

திங்கட்கிழமை வந்தார். வாங்கியது முப்பதாயிரம் ரூபாய் ஜோடி.

"என்ன சார், மனசு மாறிடுச்சு?"

"இருபது வருஷமா கேக்கற பாட்டு சார். சரணத்துக்கு முன்னாடி அந்தம்மா மூச்சு இழுக்கறாங்க. இத்தனை நாள் எனக்குக் கேக்கவே இல்லை."

லோன் விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிவிட்டாரா என்று கேட்டேன்.

"எங்கே சார்! வளையல் வாங்கறதா முடிவாயிடுச்சு. மாத்திப் போட்ட கூலி!"