அயோடின் மாத்திரையும் ஐந்து வருஷ மெத்தனமும்

2012-ல் எனக்கு 34 வயது. காபி ஆற்றினால் பாதி கீழே சிந்தும்; அப்படிக் கை நடுக்கம். சும்மா உட்கார்ந்திருந்தாலும் நெஞ்சு படபடவென்று அடித்துக் கொள்ளும். "எப்படி அண்ணி இப்படி இளைச்சீங்க? எங்களுக்கும் சொல்லிக் கொடுங்க!" என்று நாத்தனார் கேலி வேறு.

ஸ்கேனில் விஷயம் தெரிந்தது. தைராய்டில் ஒரே ஒரு கட்டி, அது மட்டும் தன்னிஷ்டத்துக்குச் சுரக்கிறது. மீதிச் சுரப்பி தூங்குகிறது. ரேடியோ அயோடின் மாத்திரை என்றதும் எனக்குக் குலை நடுங்கியது.

"பயப்படாதேம்மா, 1941-லிருந்தே இருக்கிற வைத்தியம். அயோடினைத் தைராய்டுதான் இழுக்கும். உன் கட்டி பெரும்பங்கை உறிஞ்சித் தானே சுருங்கும். 8 நாளைக்கு ஒரு தரம் மருந்தின் வீரியம் பாதியாகும்" என்றார் டாக்டரம்மா.

கர்ப்பமில்லை என்று உறுதி செய்துகொண்டுதான் கொடுத்தார்கள். அடுத்த 6 மாசம் கருத்தரிக்கக் கூடாது. கைக்குழந்தைக்காரர்கள் முன்னாலேயே தாய்ப்பாலை நிறுத்திவிட வேண்டும். மாத்திரை ஒரு வாய்த் தண்ணீரில் போய்விட்டது. 4 வயசுப் பெண்ணை டாக்டர் சொன்ன நாள் வரை தூக்காமல் இருந்ததுதான் கஷ்டம். பாட்டி வீட்டில் விட்டிருந்தேன். ராத்திரி போனில் அவள் அழ, இங்கே நான் அழ...

சில மாசத்தில் நடுக்கம் போச்சு. "வருஷா வருஷம் ரத்தம் பார்த்துக்கணும்" என்றார்கள். இரண்டு வருஷம் பார்த்தேன். சரியாகவே இருந்ததால் விட்டுவிட்டேன். தப்பு என்னுடையதுதான்.

2019-ல் உடம்பு ஊதிற்று. மலச்சிக்கல், சீப்பு நிறைய முடி, சித்திரை வெயிலில் போர்வை! 'நாற்பதைத் தாண்டியாச்சே' என்று நானே சமாதானம் சொல்லிக் கொண்டேன். குரல் கரகரத்து, போனில் பெற்ற அம்மாவே "யாருங்க பேசறது?" என்று கேட்ட பிறகுதான் ஓடினேன். டி.எஸ்.எச். எகிறியிருந்தது. அதாவது இப்போது தைராய்டு குறைவு.

கட்டியோடு பக்கத்துச் சுரப்பியும் கொஞ்சம் அடிபட்டு, வருஷக்கணக்கில் மெல்ல ஓய்ந்துபோகலாமாம். சுரப்பி முழுவதுமே கூடுதலாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோய்க்காரர்களுக்கு இது அதிகம், என்னைப் போன்ற கட்டிக்காரர்களுக்குக் குறைவு. குறைவு என்றால் வராது என்று அர்த்தமில்லையே!

இப்போது காலையில் வெறும் வயிற்றில் தைராக்ஸின். காபிக்கு அரைமணியாவது காத்திருக்க வேண்டும். (எனக்கு அதுதான் பெரிய தண்டனை.) கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகள் என்றால் 4 மணி நேரம் தள்ளி. இதைச் சாப்பிடும் இளம் பெண்கள், பிள்ளை உண்டானதும் பயந்து நிறுத்திவிடாதீர்கள். அப்போது பெரும்பாலும் அளவைக் கூட்டத்தான் வேண்டியிருக்கும். நாள் தள்ளியதுமே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

என் அடுத்த பரிசோதனைத் தேதியைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருப்பது, அன்றைக்குப் போனில் அழுத அதே பெண்தான்.