மகள் அமெரிக்கா போக வீட்டை அடமானம் வைக்கலாமா?

திருப்பதி ஸ்டேஷனில் என் டூட்டி முடிகிற நேரம். எனக்குத் தெரிந்த கீமேன் ஒருவர் பிளாஸ்டிக் உறை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். குடியாத்தத்துக்காரர். இருபத்திரண்டு வருஷமாக ஆந்திராவில் தண்டவாளம் பார்க்கிறவர். "தம்பி, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு" என்றார்.

உறைக்குள் சித்தூரில் அவர் கட்டிய வீட்டின் பத்திரம், மகளின் மார்க் ஷீட்டுகள், ஒரு ஏஜெண்டு கொடுத்த வண்ணத்தாள் ஆகியவை இருந்தன. நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். ஆனாலும் குமாஸ்தா, அதற்கு மேல் பத்திரிகைக்கும் எழுதுகிறவன் என்பதால், இங்கிலீஷில் எந்தக் காகிதம் வந்தாலும் நம்மவர்கள் என்னிடம்தான் கொண்டு வருவார்கள்.

மகள் எலக்ட்ரிகல் என்ஜினீயரிங் கடைசி வருஷம் படிக்கிறாள். வண்ணத்தாளில் இருந்த விஷயம் இது: அமெரிக்காவில் எம்.எஸ். படிப்பு. ஜி.ஆர்.ஈ. பரீட்சை தேவையில்லை. சேர்ந்த முதல் நாளிலிருந்தே வேலை பார்க்கலாம். வகுப்புக்கு நேரில் வர வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு வாரத்துக்குள் முன்பணம் கட்டினால் இடம் உறுதி.

"வகுப்பே இல்லாத காலேஜ் என்ன காலேஜ் அண்ணே?" என்று கேட்டேன். அவருக்கு அது சந்தேகமாகப் படவில்லை. வேலை பார்த்துக்கொண்டே கடனை அடைத்துவிடலாமே என்பதுதான் அவர் கணக்கு. அந்தக் கணக்கைப் போட்டவர்கள் அவருக்கு முன்பே பலர் உண்டு.

பார்மிங்டனும் டிரைவேலியும்

2019 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 'பார்மிங்டன் பல்கலைக்கழகம்' என்ற பெயரில் சேர்ந்திருந்தவர்களைப் போலீஸார் வளைத்துப் பிடித்தார்கள். முதல் சுற்றில் பிடிபட்ட இந்திய மாணவர்கள் மட்டும் 129 பேர். தெலுங்கு நாட்டுப் பிள்ளைகள் ஏராளம். அந்தப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரும் இல்லை, வகுப்பும் இல்லை. விசா மோசடியைக் கண்டுபிடிப்பதற்காக அமெரிக்க அரசின் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையே நடத்திய பொறி அது. ஆள் சேர்த்துக் கொடுத்ததாக எட்டுப் பேர் மீது வழக்குப் போட்டார்கள்.

அதற்கு எட்டு வருஷம் முன்பு, 2011 ஜனவரியில், கலிபோர்னியாவில் டிரைவேலி பல்கலைக்கழகம். இது அரசு வைத்த பொறி அல்ல, அசல் மோசடி. சேர்ந்திருந்த ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியர், அதிலும் ஆந்திரப் பிள்ளைகளே அதிகம். பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒரே அபார்ட்மெண்ட் முகவரியில் குடியிருப்பதாகக் காகிதத்தில் காட்டப்பட்டிருந்தது. விசாரணை நடக்கும்போது சில மாணவர்களின் காலில் மின்னணுக் கண்காணிப்புப் பட்டை மாட்டினார்கள். அந்தப் படத்தைப் பார்த்து இங்கே எத்தனை வீடுகளில் அடுப்பு எரியாமல் இருந்திருக்கும்! அதை நடத்திய சூசன் சூ என்ற பெண்ணுக்கு 2014ல் பதினாறரை வருஷம் சிறைத் தண்டனை கிடைத்தது. பிள்ளைகளின் பணமும் வருஷங்களும் போனது போனதுதான்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "அமெரிக்க அரசின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்" என்று பலரும் சொல்கிறார்கள். இந்த இரண்டின் பெயரும் அந்தப் பட்டியலில் இருந்தன. ஆகவே பட்டியல் மட்டும் போதாது. வகுப்பு நடக்கிறதா, அங்கே படித்து முடித்தவர் ஒருவராவது நேரில் பேசுவாரா, முதல் நாளிலேயே வேலை என்று ஆசை காட்டுகிறார்களா என்று விசாரிப்பதற்குப் பட்டம் தேவையில்லை. சரக்கு புக்கிங்கில் உட்கார்ந்தவனுக்குக்கூட மூட்டையைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே என்ன என்று ஓரளவு தெரியும்.

"அப்ப வெளிநாடே வேணாம்னு சொல்றியா?" என்று கேட்டார் கீமேன். அப்படிச் சொல்ல நான் யார்? சித்தூரை அடுத்த பேட்டமிட்டா கிராமத்தில் பிறந்த கல்லா ராமச்சந்திர நாயுடு திருப்பதி வெங்கடேசுவரா பல்கலைக்கழகத்தில் என்ஜினீயரிங் படித்து, ரூர்க்கியில் மேல் படிப்பு படித்து, மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இன்னொரு பட்டமும் வாங்கினார். அமெரிக்காவில் வேலை பார்த்துத் திரும்பி வந்து 1985ல் அமர ராஜா கம்பெனியைத் தொடங்கினார். ரேணிகுண்டா பக்கம் கரகம்பாடியில் ஷிப்டு பார்க்கிற நம்மவர்களுக்கு அந்தக் கதையைச் சொல்லத் தேவையில்லை. அவரும் போன ஊர் மிச்சிகன்தான். பார்மிங்டன் இருந்ததாகச் சொன்னதும் அதே மாநிலம்தான்.

எந்தப் பிரிவு?

இந்தப் பெண் எலக்ட்ரிகல் எடுத்த கதையும் வேடிக்கையானது. வீட்டில் எல்லோரும் கம்ப்யூட்டர் என்றார்கள். அவள் வாங்கிய ராங்குக்கு வீட்டுக்குப் பக்கத்துக் காலேஜில் கிடைத்தது எலக்ட்ரிகல். இப்படித்தான் பெரும்பாலும் நடக்கிறது. டாக்டர் ராதாகிருஷ்ணன் நம் திருத்தணியில் பிறந்து திருப்பதியிலும் வேலூரிலும் படித்தவர். உறவுக்காரர் ஒருவர் படித்து முடித்த தத்துவப் புத்தகங்கள் இலவசமாகக் கிடைத்ததால்தான் அவர் தத்துவம் எடுத்தார். அந்தப் படிப்பே பிற்பாடு அவரை ஆக்ஸ்போர்டு பேராசிரியராக்கியது. கிடைத்ததைப் படித்தாலும் குடி முழுகிவிடாது.

ஆனால் மேல் படிப்புக்கு வெளிநாடு போக நினைப்பவர்கள் ஒன்றை முதல் வருஷத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும். ஜெர்மனியில் இங்கே படித்த பாடங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துத்தான் இடம் கொடுப்பார்கள். கம்ப்யூட்டர் படித்துவிட்டு மெக்கானிக்கலுக்கு விண்ணப்பித்தால் பெரும்பாலும் தள்ளுபடிதான். தமிழ்நாட்டுக் காலேஜா, இங்கேயா என்று தடுமாறுகிற குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. தொடர்ந்து நான்கு வருஷம் இந்தப் பகுதியில் படித்த பிள்ளை ஆந்திராவில் உள்ளூர்ப் பிள்ளைதான், வீட்டில் பேசுவது தமிழாக இருந்தாலும் சரி. 100க்கு 85 இடங்கள் உள்ளூராருக்கு உரியவை. அதை விட்டுவிட்டு எல்லை தாண்டி ஓடுகிறவர்கள் கணக்குப் பார்த்துவிட்டு ஓடட்டும்.

ஏஜெண்டின் தாளை ஒதுக்கி வைத்துவிட்டு, அந்தப் பெண்ணையும் கூப்பிட்டு உட்கார வைத்தோம். அவளே எல்லாம் விசாரித்து வைத்திருந்தாள். அப்பாவிடம் சொல்லத்தான் தைரியம் இல்லை. ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் படிப்புக் கட்டணம் கிடையாது. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் மட்டும் வெளிநாட்டவருக்கு அரை வருஷத்துக்கு 1,500 யூரோ. மூனிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் கட்டணம் வாங்குகிறது. ஆனால் விசாவுக்கு முன் முடக்கக் கணக்கு ஒன்றில் ஒரு வருஷச் சாப்பாட்டுச் செலவுக்காக 11,904 யூரோ போட்டுக் காட்ட வேண்டும். 2024ல் நிர்ணயித்த தொகை இது. நம் பணத்தில் பதினோரு லட்சத்துக்கு மேல். அது காலேஜுக்குப் போகிற பணம் அல்ல, மாதம் 992 யூரோவாகப் பிள்ளையின் கைக்கே திரும்பி வரும். பாங்க் கல்விக் கடனில் ஏழரை லட்சம் வரை சொத்து ஈடு கேட்கக் கூடாது என்பது பொது விதி. மீதிக்குத்தான் வழி தேட வேண்டும்.

அமெரிக்காவை எடுத்துக்கொண்டால், படிப்பு முடிந்து ஒரு வருஷமும், என்ஜினீயரிங் பட்டத்துக்கு மேலும் இரண்டு வருஷமும் வேலைப் பயிற்சி என்ற விதியை நம்பித்தான் எல்லோரும் கடன் வாங்கினார்கள். 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்று அந்த நாட்டு ஜனாதிபதி அறிவித்தார். வீட்டுப் பத்திரத்தை வைத்துவிட்டு அடுத்தவன் விதியை நம்புவது எப்படி என்று கீமேனே கேட்டுவிட்டார்.

இனிஷியல் தொல்லை

யாரும் எதிர்பார்க்காத சிக்கல் பெயரில் வந்தது. நமக்கு இனிஷியல் என்றால் அப்பா பெயர். தெலுங்கருக்கு அது வீட்டுப் பெயர். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வாத்தியார் வீட்டுப் பெயர் என்னவென்று கேட்க, இவர் சொந்த ஊர்ப் பெயரைச் சொல்லியிருக்கிறார். பத்தாவது சர்டிபிகேட்டில் ஊர்ப் பெயர். ஆதாரில் அப்பா பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டமே காலி. குடும்பப் பெயர் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் சொந்தப் பெயர் குடும்பப் பெயராகி, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எப்.என்.யு.', அதாவது முதல் பெயர் தெரியாது, என்று அச்சாகிவிடும். ஜெர்மனிக்கும் சும்மா விடமாட்டார்கள். இந்திய மாணவர்களின் சர்டிபிகேட்டுகளை ஏ.பி.எஸ். என்ற அலுவலகம் சரிபார்த்த பிறகே விசா என்று 2022 நவம்பர் முதல் விதி இருக்கிறது. ஆகவே பிளஸ் டூ முடிவதற்குள், முடிந்தால் பத்தாவதிலேயே, எல்லாக் காகிதத்திலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சித்தூரில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களில் இந்தக் கோளாறு இருக்கிறது. என் பையனின் பள்ளிக்கூட ரிஜிஸ்டரைப் போய்ப் பார்த்தேன். அதிலும் இருந்தது.

போன வாரம் அப்பாவும் மகளும் நோட்டரியிடம் அபிடவிட் எழுதி வாங்கி வந்தார்கள். பாஸ்போர்ட் திருத்தத்துக்குத் திருப்பதி சேவா கேந்திரத்தில் நாள் குறித்தாகிவிட்டது. ஏஜெண்டு இரண்டு முறை போன் செய்தாராம். வீட்டுப் பத்திரத்தை என்ன செய்தீர்கள் அண்ணே என்று கேட்டேன். "பீரோவில் வச்சுப் பூட்டிட்டேன் தம்பி. சாவி அவ அம்மாகிட்ட இருக்கு" என்றார்.