குரல் கொடுக்கும் காவலன்



தோட்டத்து லயங்களில் ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த வீடு இருந்தது. அயலார் எவரேனும் உள்ளே நுழைந்தால் நாய்கள் குரைக்கும், வாசலில் அமர்ந்திருக்கும் பாட்டி, "யாரப்பா அது?" என்று கேட்பார். அதுவே அந்நாளைய காவல். இன்றோ நம் குடும்பங்கள் பல தாமான் வீடுகளில் குடியேறிவிட்டன. பொழுது விடியுமுன் பெற்றோர் வேலைக்குச் சென்றுவிட, வீடு பூட்டிக் கிடக்கிறது. ஆகவே, திருடர் நுழைந்தால் ஒலி எழுப்பும் அபாய மணியைப் பலர் பொருத்தி வருகின்றனர். பொருத்தினால் மட்டும் போதுமா? அது இயங்கும் முறையையும் அதனைக் கையாளும் முறையையும் அறிதல் இன்றியமையாததாகும்.

இக்கருவி நேற்றுத் தோன்றியதன்று. 1853ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த அகஸ்டஸ் ரஸ்ஸல் போப் என்பவர், மின்சாரத்தால் இயங்கும் திருட்டு அபாய மணிக்குக் காப்புரிமை பெற்றார். கதவோ சன்னலோ திறக்கப்பட்டால் மின்னோட்டம் பாய்ந்து, மின்காந்தத்தின் துணையால் மணி ஒலிக்கும்.

இக்காலக் கருவியை நம் உடலோடு ஒப்பிடலாம். உணர்கருவிகள் அதன் கண்கள். கட்டுப்பாட்டுப் பெட்டி அதன் மூளை. சைரன் அதன் வாய்.

உணர்கருவிகளுள் இரண்டு முதன்மையானவை. முதலாவது, கதவில் பொருத்தப்படுவது. கதவில் ஒரு சிறு காந்தமும், நிலையில் ஒரு கண்ணாடிக் குழாயும் இருக்கும். குழாயினுள் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள் உள்ளன. கதவு மூடியிருக்கையில் காந்தம் அருகில் இருப்பதால் தகடுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். கதவு திறந்தால் காந்தம் விலகும், தகடுகளும் பிரியும். உடனே மூளைக்குச் செய்தி செல்லும். இரண்டாவது, அறையின் மூலையில் பொருத்தப்படுவது. மனித உடலிலிருந்து வெளிப்படும் அகச்சிவப்புக் கதிர்கள் நம் கண்ணுக்குத் தெரியா. அவ்வெப்பம் அறையில் இடம்பெயர்வதை இக்கருவி உணர்ந்துகொள்ளும்.

மின்சாரம் தடைப்பட்டாலும் மணி ஒலிப்பதற்காகப் பெட்டியினுள் ஒரு பேட்டரி இருக்கும். அதுவும் சில ஆண்டுகளில் வலுவிழக்கும். ஆகவே, மாதம் ஒரு முறை, அண்டை வீட்டாரிடம் முன்கூட்டியே கூறிவிட்டு, மணியை ஒலிக்கச் செய்து சோதித்தல் நன்று.

வெளியே செல்லும்போது கருவி முழுவதையும் இயக்க வேண்டும். இரவில் உறங்கும்போது கதவு, சன்னல் உணர்கருவிகளை மட்டும் இயக்கலாம்; இல்லையேல், தண்ணீர் குடிக்க எழும் குழந்தையும் மணியை ஒலிக்கச் செய்துவிடும். இரகசிய எண்ணாகப் பிறந்த நாளையோ வீட்டு எண்ணையோ வைத்தல் ஆகாது. அதனைச் சுவரில் எழுதி வைப்பது, பூட்டின் மேலேயே சாவியைத் தொங்கவிடுவதற்கு ஒப்பாகும்.

இங்கு என் அனுபவம் ஒன்றைக் கூற விரும்புகிறேன். எங்கள் வீட்டில் மணி பொருத்திய சில நாள்களில், நள்ளிரவில் அது அலறியது. பக்கத்து வீட்டார் கையில் தடியுடன் ஓடி வந்தனர். திருடன் எவனும் இல்லை. மறுநாள் இரவும் அலறியது. அண்டை வீட்டார் சன்னல் வழியே எட்டிப் பார்த்தனர். மூன்றாம் இரவும் அலறியது, ஒருவரும் வரவில்லை! காலையில் ஆராய்ந்தபோது, உணர்கருவியின் மீது ஒரு பல்லி ஊர்ந்துகொண்டிருந்தது. அன்று மாலையே கருவியைச் சரிசெய்து, வீடு வீடாகச் சென்று மன்னிப்புக் கேட்டேன். மூன்றாம் இரவில் உண்மையாகவே திருடன் வந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணி இன்றும் நெஞ்சம் நடுங்குகிறது.

அன்று நான் கற்ற பாடம் இதுதான். மணி திருடனைப் பிடிப்பதில்லை. அது குரல் மட்டுமே கொடுக்கிறது. அக்குரலைக் கேட்டு ஓடி வரும் அண்டை வீட்டாரே உண்மையான காவலர். நம் மலேசியத் திருநாட்டில் 1975ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ருக்குன் தெத்தாங்கா திட்டமும் இந்த அண்டையயலார் ஒற்றுமையையே அடிப்படையாகக் கொண்டது. மணி வாங்க வசதியற்றோர் வருந்த வேண்டியதில்லை. உறுதியான தாழ்ப்பாள், வாசலில் ஒரு விளக்கு, நல்ல அண்டை வீட்டார் ஆகிய மூன்றும் சிறந்த காவலேயாகும்.

மாணவச் செல்வங்களே! பள்ளி முடிந்து திரும்பும்போது மணி ஒலித்தாலோ, கதவு உடைந்திருந்தாலோ, உள்ளே செல்லாதீர்கள். நேரே அண்டை வீட்டுக்குச் சென்று 999 என்ற எண்ணை அழைக்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டு எண்ணும் சாலையின் பெயரும் உங்களுக்கு மனப்பாடமாகத் தெரியுமா? தெரியாதெனில் இன்றே கற்றுக்கொள்ளுங்கள். பொருள் போனால் மீண்டும் ஈட்டலாம்; உங்கள் உயிருக்கு ஈடாக எதனையும் ஈட்ட இயலாது.

வெள்ளம் வருமுன் அணை கட்டுவோம்! விழிப்புடன் வாழ்வோம்!