பெண் நாய்க்குக் கருத்தடை ஏன், எப்போது?

"ஒரு தடவையாவது குட்டி போட்டால்தான் உடம்புக்கு நல்லது" என்று எல்லா ஊரிலும் சொல்வார்கள். உடலியலில் இதற்கு ஆதாரமில்லை.

பெண் நாய் பொதுவாக 6 முதல் 12 மாதத்துக்குள் முதன்முறை பருவத்துக்கு வரும். அது முடிந்ததும், சினை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், சுமார் 2 மாதம் புரோஜெஸ்டிரோன் சுரக்கிறது. கருப்பையின் உட்சுவர் தடிக்கிறது. பருவத்தின்போது உள்ளே நுழைந்த கிருமிகளுக்கு அது வசதியான இடம். ஒவ்வொரு பருவமும் இதைக் கொஞ்சம் மோசமாக்க, நடுவயதில் கருப்பையில் சீழ் கட்டலாம். கவனிக்காவிட்டால் உயிரே போகும். அறுவையில் சினைப்பையை எடுத்துவிட்டால் ஹார்மோனும் இல்லை, இந்த ஆபத்தும் ஏறக்குறைய இல்லை. பால்மடிக் கட்டிகளும் குறையும் என்பது 1969இல் வந்த அமெரிக்க ஆய்வின் முடிவு. அதன் சான்று அவ்வளவு வலுவானதல்ல என்றது 2012இல் வந்த மறுஆய்வு.

அதற்காக அவசரப்படவும் வேண்டாம். எலும்பு வளர்ச்சி நிற்பதிலும் இந்த ஹார்மோன்களுக்குப் பங்குண்டு. பெரிய இன நாய்களுக்குச் சீக்கிரமே செய்தால் மூட்டுக் கோளாறு கூடலாம். ராஜபாளையம் போன்ற பெரிய இன நாய் வளர்ப்பவர் மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டியது வயதைத்தான். அறுவைக்குப் பின் எடை ஏறும்; சோற்றைக் குறைக்கத்தான் நமக்கு மனம் வராது!

ஆண் நாய்க்கு வேலை சுலபம். ஊர் சுற்றுவது குறையலாம், காவல் குணம் பொதுவாகப் போகாது. ஆனால் விரையை எடுத்த பிறகும் சில வாரம் விந்தணு மிச்சமிருக்கும், அதுவரை கட்டிப்போடுங்கள்.