தவளை தேடிப் போகும் பெண்பிள்ளைகள்



பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிக்கும் உங்கள் மகள், "உம்மா, நாலு நாள் சிங்கராஜக் காட்டுக்குப் போகணும். தவளை, பாம்பு எல்லாம் கணக்கெடுக்க" என்று வந்து நின்றால் என்ன சொல்வீர்கள்? "பொம்பிளைப் புள்ளைக்கு இதுவா வேலை?" என்றுதான் நம்மில் பலருக்கு வாயில் வரும். மறுக்கும் முன் அங்கே நடப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்த வேலை பெரும்பாலும் மஃரிபுக்குப் பிறகுதான். தவளைகள் வெளியே வருவதும் சத்தமிடுவதும் இருட்டில்தானே! கயிற்றால் ஒரு சதுரத்தை அடைத்து, நெற்றியில் டோர்ச் கட்டிக்கொண்டு, பிள்ளைகள் சருகைக் குச்சியால் மெல்லப் புரட்டிப் பார்க்கிறார்கள். அகப்பட்டதை அளந்து, நேரம், வெப்பம், எத்தனை அடி உயரம் என்று கொப்பியில் குறித்து, எடுத்த இடத்திலேயே விட்டுவிடுகிறார்கள். நுளம்பு மருந்து பூசிய கையால் தவளையைத் தொடக்கூடாது. அதன் தோல் எதையும் உறிஞ்சிவிடும். முன் அனுமதியின்றி இதில் எதையும் செய்ய முடியாது.

நம் நாட்டில் இதற்கு ஏன் இவ்வளவு மதிப்பு? 1993இல் தொடங்கிய தேடலின் பயனாக, இந்தச் சிறிய தீவில் தவளை இனங்கள் நூற்றைத் தாண்டலாம் என்று 2002இல் உலகுக்கே தெரிந்தது. அவற்றில் பலவற்றுக்கு வாற்பேத்தைப் பருவமே இல்லை. ஈரச் சருகிலோ இலையிலோ இடும் முட்டையிலிருந்து குட்டித் தவளையே நேராக வெளிவரும். அல்லாஹ்வின் படைப்பைப் பாருங்கள்! ஆனால் காடு காய்ந்தால் முட்டையும் காயும். பழைய ஏடுகளில் பெயர் மட்டும் மிஞ்சிய இனங்களும் பல.

1853இல் கெலார்ட் என்ற இராணுவ வைத்தியர் விவரித்த, புள்ளிகள் நிறைந்த ஒரு மரத்தவளை அழிந்துவிட்டதாகவே எண்ணியிருந்தார்கள். 2009இல் அது நம் பாவா ஆதம் மலைக் காட்டில் உயிரோடு அகப்பட்டது. நூற்றைம்பது வருடத்துக்கும் மேல் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது!

மருந்துக்காகத் தவளையைக் கொல்லலாமா என்று ஒரு வைத்தியர் கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என அபூதாவூதில் வருகிறது. குசினிக்குள் தவளை வந்தால் உப்பை அள்ளி வீசுகிறோமே, அதையும் கொஞ்சம் யோசிப்போம்.

பயப்பட வேண்டியது பாம்புக்குத்தான். சிங்களத்தில் 'பொலொன் தெலிஸ்ஸா' என்னும் சிறிய விரியன் சருகின் நிறத்திலேயே சுருண்டு கிடக்கும். இங்கே ஆஸ்பத்திரிகளில் கொடுத்துவரும் இந்திய விஷமுறிவு மருந்து அதன் கடிக்குக் கேட்பதில்லை. ஆகவே நீண்ட சப்பாத்து, வெறுங்கையால் சருகைக் கிளறாமை, தனியே நடக்காமை ஆகிய மூன்றும் கட்டாயம். எந்தப் பாம்பு கடித்தாலும் கீறவோ, உறிஞ்சவோ, இறுக்கிக் கட்டவோ கூடாது. கடிபட்ட இடத்தை அசைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வீட்டிலும் இதுதான் முறை.

யார் கூடப் போகிறார்கள், பெண் விரிவுரையாளர் உண்டா, பிள்ளைகள் எங்கே தூங்குவார்கள், கிட்டிய ஆஸ்பத்திரி எது என்று விரிவுரையாளரிடமே கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். சரியான பதில் கிடைத்தால் மகளின் பையில் அட்டைக்கடிக்கு ஒரு சவர்க்காரக் கட்டியும் இரண்டு சோடி நீளக் காலுறையும் வைத்து அனுப்புங்கள். சப்பாத்தைக் கழுவிக் காயவைத்துவிட்டுத்தான் அடுத்த காட்டுக்குப் போக வேண்டும். தவளைகளைக் கொல்லும் ஒரு பூஞ்சணம் சேற்றோடு ஒட்டிக்கொண்டு போகும்.